ஊதுற ‘ப’வும் ஊதாத ‘ப’வும்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலையில், கண்டி வாவிக்கு மேலே குன்றில் இருக்கிற சின்னப் பூங்கா ஒன்றில் நடந்தது இது. நான் நாவலப்பிட்டியில் ஒரு நேர்சரியில் டீச்சர். சனிக்கிழமை காலையில் எனக்குக் கண்டியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒரு பன்றியால் வந்தது.

எங்கள் நேர்சரியில் வருஷக் கடைசியில் கலைவிழா வைப்போம். அதில் ஒரு சின்னப் பையன் மேடையேறி, ‘என் அப்பா ஒரு பெரிய மனிதர்’ என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பையன் கொஞ்சமும் பயப்படாமல் கணீரென்று, ‘மை ஃபாதர் இஸ் எ பிக் மேன்’ என்றான். முன்வரிசையில் இருந்த பிரதம விருந்தினர் சட்டென்று கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பையனின் அப்பாவும் நானும் மட்டும் விடாமல் கை தட்டிக்கொண்டிருந்தோம். விழா முடிந்த பிறகுதான் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பையன் சொன்னது பெரிய மனிதர் இல்லையாம், பன்றி மனிதராம்.

நல்ல காலம், அந்த அப்பா தங்கமான மனுஷன். “விடுங்க டீச்சர், எங்க வீட்டுல அவங்கம்மா தினமும் சொல்றதுதானே” என்று சிரித்துவிட்டுப் போனார். ஆனால் எனக்கு ரோசம் வந்துவிட்டது. பிறகு வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நானே இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். பெரிசும் ‘பிக்’, பன்றியும் ‘பிக்’. எனக்கே வித்தியாசம் கேட்கவில்லை. அடுத்த மாதமே கண்டியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பு ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில். பாண் சுடுகிற வாசனை எங்களுக்கு முன்னாலேயே படியேறி வந்து உட்கார்ந்திருக்கும். படிப்பித்தவர் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கம்பஸ் போய்ப் படித்து முடித்த இளைஞர். எங்கள் எல்லோரையும் விட வயதில் சின்னவர். இருந்தாலும் எல்லோருக்கும் அவர் ‘சேர்’தான். கதிரைகளில் இருந்த நாங்களோ ஊர்க்கலவை. ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள், ஒரு சிங்களத் தங்கை, அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்று கண்டியிலேயே தங்கிவிட்ட யாழ்ப்பாணத்து ஐயா, நான்.

அங்கே போன பிறகுதான், இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தது. ஐயாவுக்குக் கப்பலும் செம்மறி ஆடும் ஒன்றுதான். துறைமுகத்துக்குள் செம்மறி ஆடு வந்து நிற்கிறது என்று ஒரு நாள் வெகு கம்பீரமாக வாசித்தார். சிங்களத் தங்கை ‘ஃபேன்’ என்றால் அது ‘பேன்’ என்று வரும். ஹோட்டல்காரர் ஒருவர் குளிருக்கு ஆட்டை மாட்டிக்கொண்டு நுவரெலியா போனதாகச் சொன்னார். கோட்டைத்தான் மாட்டியிருந்தார், பாவம்.

சேர் ஒருவரையும் கேலி செய்யமாட்டார். “நம்ம பாஷையில இல்லாத வித்தியாசத்தை நம்ம காது கண்டுக்காது. அது காதோட குத்தமில்ல” என்பார். என்னுடைய பன்றிக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் டிக்கெட் வித்தையைச் சொல்லித் தந்தார். மெல்லிசான பஸ் டிக்கெட் ஒன்றை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும். பன்றியைச் சொல்லும்போது உதட்டைத் திறக்கிற அந்த நொடியில் காற்று குபுக்கென்று வெளியே வரும், டிக்கெட் ஆடும். பெரிசைச் சொல்லும்போது காற்று அப்படி வராது, டிக்கெட் அசையாது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ‘ப’. இங்கிலீஷ்காரர்களுக்கோ அவை இரண்டு எழுத்து. எங்கள் வகுப்பில் அதற்கு நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒன்று ஊதுற ‘ப’, மற்றது ஊதாத ‘ப’.

அந்த வகுப்புக்குத்தான் ராத்தா வந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

அக்குறணையில் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். நாற்பது வயசிருக்கும். அபாயாவும் பெரிய சால்வையுமாக, முதல் நாளே நேராக முன்வரிசைக்கு வந்து, சேரின் முகத்துக்கு எதிரில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்ததும் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: “எனக்குக் காது கேக்குறது கொறவு. மெஷின் போட்டீக்கி. பேசக்குள்ள என்ட மொகத்தப் பாத்துப் பேசுங்க. இல்லாட்டி நான் திருப்பித் திருப்பிக் கேப்பன். கோவிச்சுக்கப்படாது.”

வந்த முதல் நாளே ஒரு ஆள் தன்னைப் பற்றி இப்படி வெளிச்சமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இளம் வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குக் கேட்கும் சக்தி குறைந்துகொண்டே போனதாம். மெஷின் போட்டும் பாதிதான் கேட்கும். மிச்சத்தை எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வார். அவ்வளவு வேகமாக விளங்கிக்கொள்வார், காது கேட்காதவர் என்று நமக்குச் சந்தேகமே வராது.

ஆனால் இந்த இரண்டு ‘ப’வும் அவருக்குப் பெரிய சோதனை. ஏனென்றால் உதட்டில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ‘ம’ கூட அப்படித்தான். நம்பாவிட்டால் கண்ணாடி முன்னால் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். டிக்கெட் வித்தையைக் காட்டியபோது ராத்தா கேட்டார்: “சேர், டிக்கெட் ஆடுறது எனக்கு நல்லாத் தெரியுது. ஆனா ரோட்டுல போற வாறவங்கட வாய்க்கெல்லாம் முன்னுக்கு டிக்கெட் பிடிக்க ஏலுமா?” வகுப்பே சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

அடுத்த வாரம் அவரே ஒரு வழியோடு வந்தார். உள்ளங்கை. டிக்கெட்டுக்குப் பதிலாக உள்ளங்கையை உதட்டுக்குக் கிட்டப் பிடித்தால், ஊதுற ‘ப’ கையில் வந்து மோதும். ஊதாத ‘ப’ மோதாது. வீட்டில் பிள்ளைகளின் வாய்க்கு முன்னால் கையைப் பிடித்துப் பிடித்தே அதைப் பழகிவிட்டாராம். வகுப்பில் அதற்கு நான் கிடைத்தேன். டீ குடிக்கிற இடைவேளையில் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், கண்ணை மூடிக்கொண்டு என் வாய்க்கு முன்னால் கையை வைப்பார்.

“சொல்லுங்க தங்கச்சி. மாத்தி மாத்திச் சொல்லுங்க.”

நான் பன்றி, பெரிசு, பெரிசு, பன்றி என்று மாற்றி மாற்றிச் சொல்லுவேன். அவர் ஒவ்வொன்றையும் கையால் பிடித்துத் திருப்பிச் சொல்லுவார். போகப் போக அவருக்குப் பிழையே வருவதில்லை. பிழை என் பக்கம்தான். “தங்கச்சி, நீங்க பெருசு எண்டு நெனச்சுப் பண்டியச் சொன்னீங்க” என்பார். என் காது கண்டுபிடிக்காததை அவர் கை கண்டுபிடித்தது. சொன்னால் சிரிப்பீர்கள், என் உச்சரிப்பு திருந்தியதே அந்தக் கையால்தான்.

வகுப்பு முடிந்து டவுனுக்குள் நடந்து வரும்போது ஒரு நாள், எதற்காக இவ்வளவு கஷ்டப்பட்டு இங்கிலீஷ் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். “டொக்டரிட்டப் போனா, எனக்கு என்ன செய்யுது எண்டு டொக்டர் எங்கட வீட்டுக்காரரிட்டக் கேக்குறார். கடைக்குப் பெரிய ஆக்கள் வந்தா, நான் நிக்கக்குள்ளயே என்ட மகனிட்டக் கேக்குறாங்க. எனக்குக் காதுதான் மந்தம். வாய் நல்லாத்தான் ஈக்கி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அக்குறணை பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இப்படியே சில மாதம் போனது. ஒரு சனிக்கிழமை சேர், “இன்னைக்கு வகுப்பு வெளியில” என்றார். உள்ளே உட்கார்ந்து எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் வாய் வராது, வாவியைச் சுற்றி எத்தனையோ வெள்ளைக்காரர்கள் நடக்கிறார்கள், போய்ப் பேசுங்கள் என்றார். சொல்வது சுலபம். ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று நாங்கள் கிட்டப் போனாலே அவர்கள் நடையைக் கூட்டினார்கள். மாணிக்கக் கல் விற்கவோ காசு சேர்க்கவோ வருகிறோம் என்று நினைத்திருப்பார்கள். ஐயா ஒருவரைப் பார்த்து வணக்கம் சொல்ல, அவர் ‘நோ தேங்க்யூ’ என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமே போய்விட்டார்.

அலுத்துப்போய், வாவிக்கு மேலே இருக்கிற பூங்காவுக்கு ஏறினோம். அங்கே ஒரு பெரிய மரத்தடியில், பெஞ்சு மாதிரி வாங்கு ஒன்றில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அறுபது வயசைத் தாண்டியவர்கள், இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். அந்த அம்மாவிடம் சேர் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவராம். “வாங்க, வாங்க” என்கிற மாதிரிக் கையை ஆட்டி எங்களை எல்லாம் சுற்றி உட்கார வைத்தார். தன் கணவரை அறிமுகப்படுத்தினார். அவர் பெயர் பென். இந்தக் கதையில் நான் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு பெயரைச் சொல்லாமல் கதையைச் சொல்ல முடியாது. பென் கொஞ்ச நேரம் எங்களோடு பேசிவிட்டு, கழுத்தில் கெமராவை மாட்டிக்கொண்டு, மேலே பறவைகளைப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

அந்த அம்மா பேசிய மாதிரி அதற்கு முதல் எங்களிடம் ஒருவரும் பேசியதில்லை. நாங்கள் தட்டுத்தடுமாறிச் சொல்வதை அவசரப்படுத்தாமல் கேட்டார். ராத்தாவின் மெஷினைக் கவனித்ததும், அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். ராத்தாவுக்கு அன்றைக்கு வாய் மூடவே இல்லை. கடையைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, வட்டிலப்பம் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியெல்லாம் இங்கிலீஷில் சொல்லித் தள்ளினார்.

அப்போதுதான் மரத்துக்கு மேலே குரங்குக் கூட்டம் ஒன்று சண்டை பிடித்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவியது. காய்ந்த கொப்பு ஒன்று முறிந்து வாங்குக்குப் பின்னால் விழுந்தது. அதன் பின்னாலேயே அந்தச் சத்தம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

“குளவி! ஓடுங்க!” என்று கத்தினேன்.

எல்லோரும் போட்டது போட்டபடி கீழே புல்வெளிக்கு ஓடினோம். நான் ராத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். சேர் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். குடை, செருப்பு, பை எல்லாம் மேலேயே கிடந்தன. குளவிகள் எங்களைத் துரத்தி வரவில்லை. வாங்கைச் சுற்றி மரத்தடியிலேயே வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அந்த அம்மாவுக்கு மட்டும் கழுத்தில் ஒரு கொட்டு. “எனக்கு ஒன்றுமில்லை” என்கிற மாதிரிச் சிரித்தார். ஒரு கொட்டோடு போயிற்றே என்று நாங்களும் மூச்சு விட்டோம்.

ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அவர் முகமும் கழுத்தும் திட்டுத் திட்டாகச் சிவந்தன. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். உதடு வீங்கி நீலம் பாய்ந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். குரல் கரகரத்து வந்தது. இரண்டாவது தடவை குரலே வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. கையை நீட்டி மேலே காட்டினார். காட்டிக்கொண்டே ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். மூச்சோடு சேர்ந்து வந்தது அது.

“பென்… பென்…”

“ஓம், புருஷனைத்தான் கூப்பிடுறா. மேலதானே போனவர். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டு ஐயா, அவர் வயதுக்கு, மற்றப் பக்கத்துப் படியால் ஓட்டமும் நடையுமாக ஏறினார். சேர் அம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணிக்கொண்டிருந்தார். நாங்கள் மிச்சப் பேர் மேலே பார்த்து “பென்! பென்!” என்று தொண்டை கிழியக் கத்தினோம். அந்த அம்மா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மூச்சு முட்டி ஆட்டுகிறார் என்று நினைத்து நாங்கள் இன்னும் சத்தமாகக் கத்தினோம்.

ராத்தா கத்தவில்லை. அந்த அம்மாவுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவர் உதட்டையே உற்றுப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை அந்த வீங்கிய உதட்டுக்கு ஒட்டினாற்போலக் கொண்டு போய் வைத்து, இங்கிலீஷில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

“அகெய்ன்.”

அந்த அம்மா சொன்னார். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு, “அகெய்ன்” என்றார். அவர் இன்னொரு தடவை சொன்னார். ராத்தா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, கையில அடிக்குது! ஊதுற ‘ப’! ஆளக் கூப்பிடல்ல. பேனை! பேனை கேக்குறாங்க!”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்த நேரத்தில் பேனாவா? ஏதோ எழுதிக் காட்டப் போகிறார் போல என்று, என் இடுப்புப் பையிலிருந்த போல்பொயிண்ட் பேனாவை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தட்டிவிட்டார். மறுபடியும் மேலே காட்டினார். ராத்தா அந்த விரல் போகிற திசையைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பென் போன படியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அதற்கு இந்தப் பக்கம் இருந்த வாங்கைப் பார்த்தார். வாங்கில் அந்த அம்மாவின் சின்னத் தோள்பை கிடந்தது. ராத்தா தன் தோளில் பை மாட்டுகிற மாதிரிச் செய்து காட்டினார். அந்த அம்மா ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிய வேகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது.

அப்போது சேர் ஃபோனைக் காதில் வைத்தபடியே சொன்னார்: “ஊசி! ஊசிப் பேனா. கொட்டினா ஒத்துக்காத ஆக்கள் கையோட வச்சிருப்பாங்க. அதைத்தான் கேக்குறாங்க!”

பை குளவிகளுக்கு நடுவில் இருந்தது.

என் அம்மா கொழுந்து பறித்தவர். ஒரு தடவை மலையில் குளவி கொட்டி அவரைத் தூக்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் பிழைத்தார். அவரோடு நின்ற நிரையில் எல்லோரும் பிழைக்கவில்லை. அந்த ஞாபகம் வந்து என் கால்களைக் கட்டிப்போட்டது. என்னால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை.

ராத்தா எழுந்தார். காதிலிருந்த மெஷினைக் கழற்றி என் கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டார். சால்வையை இழுத்துக் கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தைச் சுற்றிக்கொண்டார். அபாயாவின் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே நடக்கத் தொடங்கினார். ஓடவில்லை. கைகளை வீசவில்லை. மெதுவாக, குனிந்தபடி நடந்தார். ஒரு குளவி அவர் தலையைச் சுற்றுவது கீழே இருந்தே தெரிந்தது.

“ராத்தா, வேணாம்! வாங்க ராத்தா!” என்று கத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது. அவர் காது என் கைக்குள் இருந்தது.

வாங்கை அடைந்ததும் பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உடம்பு ஒரு தடவை துள்ளியது. இன்னொரு தடவை துள்ளியது. இருந்தும் அதே மாதிரி மெதுவாகவே இறங்கி வந்தார். கிட்ட வந்தபோது ஒரு புருவம் வீங்கத் தொடங்கியிருந்தது. பையைத் திறந்து புல்லில் கொட்டினார். மூக்குக்கண்ணாடி, தண்ணிப் போத்தல், தொப்பி, அதோடு ஒரு குழாய். குழாய்க்குள் தடித்த மார்க்கர் பேனா மாதிரி ஒன்று.

அந்த அம்மா அதற்குக் கையை நீட்டினார். ஆனால் நடுக்கத்தில் பிடிக்க முடியவில்லை. சேர் அதன் மேலே எழுதியிருந்ததை வேகமாக வாசித்து, மூடியைக் கழற்றிக் கொடுத்தார். தொடையைத் தொட்டுக் காட்டினார். ராத்தா அந்த அம்மாவின் கையை அந்தப் பேனாவோடு சேர்த்துத் தன் கைக்குள் பிடித்து, காற்சட்டைக்கு மேலாகவே தொடையில் அழுத்தினார். டிக் என்று ஒரு சத்தம். சேர் போதும் என்று சொல்லும் வரை இரண்டு பேரின் கையும் அசையவில்லை.

பிறகு அவரைப் படுக்க வைத்தோம். அந்தக் கொஞ்ச நேரம் ஒரு யுகம் மாதிரிப் போனது. முதலில் மூச்சில் இருந்த இரைச்சல் குறைந்தது. பிறகு உதட்டில் இருந்த நீலம் போனது. பிறகு அவர் கண்ணைத் திறந்து ராத்தாவைப் பார்த்தார். ராத்தாவின் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஐயா மூச்சு வாங்க வாங்க ஓடி வந்தார். அவருக்கு முன்னால் கெமரா ஆட ஆட அந்தக் கணவர். அவரைக் கண்டதும் அம்மாவுக்குக் குரல் கொஞ்சம் வந்தது. கரகரத்த குரலில் “பென்” என்றார்.

நான் மெஷினை ராத்தாவின் காதில் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். வீங்கிய கண்ணோடு ராத்தா என்னைப் பார்த்துச் சொன்னார்: “இது ஊதாத ‘ப’.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

அம்புலன்ஸ் வந்து கொட்டு வாங்கிய இரண்டு பேரையும் பென்னையும் ஏற்றிக்கொண்டு போனது. சேரும் நானும் த்ரீவீலரில் பின்னாலேயே போனோம். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் வந்து, என்ன நடந்தது, எப்போது கொட்டியது, ஊசியை யார் போட்டது என்று இங்கிலீஷில் சேரிடம் கேட்டார். சேர் வாயைத் திறந்தார். ஆனால் பதில் சொல்லாமல் ஒதுங்கி, ராத்தாவைக் கைகாட்டினார். டொக்டர் கொஞ்சம் தயங்கி, ராத்தாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றார். ராத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் இருந்து கடைசி வரை தானே சொன்னார். நின்று நின்று சொன்னார். இலக்கணம் அங்கங்கே இடறியது. இரண்டு இடத்தில் “அகெய்ன் ப்ளீஸ்” என்று டொக்டரையே திருப்பிக் கேட்க வைத்தார். முடிந்ததும் டொக்டர், இன்னும் தாமதமாகியிருந்தால் அந்த அம்மாவைக் காப்பாற்றியிருக்க முடியாமல் போயிருக்கும் என்று சொன்னார். அதை அவர் சேரிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. ராத்தாவிடம் சொன்னார்.

வெளியே வந்தபோது ராத்தாவின் வீட்டுக்காரர் அக்குறணையிலிருந்து பதறியடித்துக்கொண்டு வந்திருந்தார். மனைவியின் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வேல?” என்று சத்தம் போட்டார். சேர் நடந்ததை எடுத்துச் சொன்னார். அந்த மனுஷன் ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பார்த்து, “நல்லா நோகுதா?” என்று மெதுவாகக் கேட்டார். ராத்தா, “நோகுதுதான், ஆனா தாங்க ஏலும்” என்றார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் அந்தத் தம்பதி பேக்கரி மாடிக்கு எங்களைத் தேடி வந்தார்கள். அன்றைக்கு வகுப்பே நடக்கவில்லை. ராத்தா வீட்டிலிருந்து வட்டிலப்பம் செய்து கொண்டு வந்திருந்தார், நான் வாழைப்பழம் வாங்கிப் போயிருந்தேன். அந்த அம்மாவுக்குத் தமிழில் ஒரு சொல்லாவது பழகிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. மேசையில் இருந்த பழத்தைக் காட்டிக் கேட்டார். நான் ‘பழம்’ என்றேன். அவர் ‘பலம்’ என்றார். அது வேறு, அதற்கு சக்தி என்று அர்த்தம் என்று சேர் விளக்கினார். அவர் நாக்கை எப்படியெல்லாமோ மடித்துப் பார்த்தும் ‘ழ’ வரவில்லை. ஐயா, “இங்கை பாருங்கோ” என்று தானே சொல்லிக் காட்டினார். அதுவும் ‘பளம்’ என்றுதான் வந்தது. ராத்தா சொன்னபோது அது ‘பலம்’ என்றே வந்தது. பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷையில் எங்களுக்குள்ளேயே மூன்று பழம். அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது ராத்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ராத்தா இப்போது கடையில் முன்னால் உட்காருகிறார். வெளியூர் ஆட்கள் வந்தால் அவர்தான் பேசுவார் என்று மகன் என்னிடம் பெருமையாகச் சொன்னான். எனக்கும் அவரைத் தெரியும் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை.

என் நேர்சரியில் இந்த வருஷம் ஒரு பெண் பிள்ளை வந்திருக்கிறது. அது பேசுவது பாதி விளங்காது. முன்பென்றால் ‘சத்தமாச் சொல்லு’ என்றிருப்பேன். இப்போது எழுந்து போய், அதன் சின்னக் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அது சொல்லி முடிக்கும் வரை அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் புல்வெளியில், நன்றாகக் காது கேட்கிற நாங்கள் அத்தனை பேரும் மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம். சரியாகக் கேட்காத ஒருவர் மட்டும் முட்டி போட்டுக் கிட்டப் போனார். அதை நினைக்கும்போதெல்லாம், ஒரு மனுஷர் சொல்வதைக் கேட்பது என்றால் என்ன என்று நான் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று தோன்றுகிறது.